அட்வான்ஸ் கொடுத்த நிமிஷம் கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடும்

பிளேஸ்மெண்ட் முடிஞ்சு கையில ஆஃபர் லெட்டர் வந்ததும் திருப்பூர்ப் பக்கம் நிறைய வீடுகள்ல அடுத்து எழும் பேச்சு பைக் பத்தியோ போன் பத்தியோ இருக்காது. வீடு பத்தித்தான் இருக்கும். "பையனுக்கு வேலை கிடைச்சிருச்சு, அவன் பேர்ல லோன் போட்டுக்கலாம். இன்னும் எத்தனை வருஷத்துக்கு வாடகை குடுக்கறது?" இந்த வசனத்தை உங்க வீட்லயும் கேட்டிருப்பீங்க. கேட்கலைன்னா இன்னும் ரெண்டு மாசத்துல கேட்பீங்க.

நான் இருக்கிற 15 வேலம்பாளையத்துல இது ரொம்ப சகஜம். 2011-ல திருப்பூர் மாநகராட்சியோட சேர்ற வரைக்கும் தனி நகராட்சியா இருந்த ஊர். பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, லைன் வீட்ல பத்துக்குப் பத்து ரூம்ல ஆரம்பிச்சு, ஒண்ணரை ஷிஃப்ட் பாத்துப் பிள்ளைகளைப் படிக்க வெச்ச குடும்பங்கள் இங்க தெருவுக்குத் தெரு உண்டு. அவங்களுக்கு முதல் வீடுங்கறது இருபது வருஷச் சேமிப்பு. அந்தச் சேமிப்புல பெரிய ஆபத்து வர்ற இடம் பத்திரப் பதிவு நாள் இல்ல. அதுக்கு ரொம்ப முன்னாடி, புரோக்கர் அண்ணன் போன்ல "இன்னொரு பார்ட்டி வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க, இன்னிக்கே ஏதாச்சும் அட்வான்ஸ் போட்டு உட்ருங்க"ன்னு சொல்ற அந்த நிமிஷம்தான்.

இந்தக் கட்டுரை சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. நம்ம ஊர்ல அட்வான்ஸ் கொடுக்கிற நேரத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது கையில பணம் வந்த நேரம். தீபாவளி போனஸ் வந்தது, சீட்டு எடுத்தது, நகையை வெச்சது, உடனே அட்வான்ஸ். ஆனா பணம் கையில வந்த நேரமும் வாங்கத் தயாரான நேரமும் வேற வேற. அட்வான்ஸ் வீட்டைப் பிடிச்சு வைக்கிற கயிறுன்னு நாம நினைக்கிறோம். உண்மையில அது நமக்கு எதிரா ஓடுற ஒரு கடிகாரத்தைத் திருகி விடுது. அந்தக் கடிகாரத்தை ஜெயிக்க முடியும்னு தெரிஞ்ச பிறகுதான் திருகணும்.

அட்வான்ஸ் கொடுத்தா வீடு நம்மளதா?

இல்ல. சொத்து மாற்றுச் சட்டம் 1882-ல் பிரிவு 54 இதைத் தெளிவா சொல்லுது: விற்பனை ஒப்பந்தம் மட்டும் சொத்துல எந்த உரிமையையும் உண்டாக்காது. கிரயப் பத்திரம் பதிவாகிற நாள் வரைக்கும் வீடு விக்கிறவரோடதுதான். அக்ரிமெண்ட் கொடுக்கிறது, "இந்த விலைக்கு, இந்தத் தேதிக்குள்ள எனக்கு எழுதிக் கொடு"ன்னு கேட்கிற உரிமை மட்டும்தான்.

அதே சட்டத்தோட பிரிவு 55 வாங்கறவருக்கு ஒரு பாதுகாப்பும் தருது. விக்கிறவர் பின்வாங்கினா, நாம கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்து மேலயே ஒரு பிணை உரிமை இருக்கு. ஆனா நாமளே காரணமில்லாம சொத்தை ஏத்துக்க மறுத்தா அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதாவது, யார் சொன்ன நேரத்துல வரலைங்கறதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணும்.

மதுரை வீடும் 5,000 ரூபாயும்

நேரம்ங்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு புரிய வைக்கிற வழக்கு நம்ம தமிழ்நாட்டுலயே இருக்கு. வித்யானந்தம் எதிர் வைரவன், உச்ச நீதிமன்றம், 1997. மதுரையில ஒரு வீடு. 1978 டிசம்பர் 15 அன்னிக்கு ஒப்பந்தம் போடறாங்க. விலை 60,000 ரூபாய், முன்பணம் 5,000. மீதி 55,000-ஐ ஆறு மாசத்துக்குள்ள கொடுத்துப் பத்திரம் எழுதிக்கணும். அதாவது 1979 ஜூன் நடுவுல கெடு முடியுது.

வாங்கறவங்க தரப்புல இருந்து நோட்டீஸ் போனது எப்போ தெரியுமா? 1981 ஜூலை. ஒப்பந்தம் போட்டு ரெண்டரை வருஷம் கழிச்சு. இடையில மதுரையில வீட்டு விலை கிட்டத்தட்ட மூணு மடங்கு ஏறியிருந்தது. மொத்த விலையில பன்னிரண்டுல ஒரு பங்கை மட்டும் கொடுத்துட்டு, அவ்வளவு நாள் சும்மா இருந்துட்டு, பழைய விலைக்கு எழுதிக் கொடுன்னு கேட்டா எப்படின்னு நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி எழுதின தீர்ப்பு கேட்டது. நகர்ப்புறச் சொத்து விலை ஏறுறதைக் கோர்ட் கண்ணை மூடிக்கிட்டுப் பாக்காம இருக்க முடியாதுங்கறதுதான் அதோட சாரம். வீடு அவங்களுக்குக் கிடைக்கல.

2011-ல இன்னொரு தமிழ்நாட்டு வழக்கு, சாரதாமணி கந்தப்பன் எதிர் எஸ். ராஜலட்சுமி. 1981 ஜனவரியில போட்ட நில ஒப்பந்தம். விலை 3,75,000. முன்பணம் ஒரு லட்சம். மீதியை பிப்ரவரி 28, ஏப்ரல் 6, மே 30-ன்னு மூணு தவணையில கொடுக்கணும். ரெண்டாவது தொகையே நேரத்துக்குப் போகல. பத்திரங்கள்ல சந்தேகம் இருந்ததுன்னு வாங்கறவர் காரணம் சொன்னாங்க. கோர்ட் ஏத்துக்கல. "அசையாச் சொத்துல பொதுவா நேரம் முக்கியமில்ல"ங்கற பழைய கொள்கை விலை ஏறாம இருந்த காலத்துக்குப் பொருந்தினது, இன்னிக்கு அதைத் திரும்பிப் பாக்கணும்னு நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் அந்தத் தீர்ப்புல எழுதினார். 1981-ல ஆரம்பிச்ச விஷயம் முடிஞ்சது 2011-ல. முப்பது வருஷம்!

இந்த ரெண்டு வழக்குலயும் வாங்கறவங்க ஏமாத்தினாங்கன்னு யாரும் சொல்லல. கடிகாரம் ஓடினது. அவங்க ஓடல.

கொடுத்த பணம் திரும்புமா?

இங்க ரெண்டு வார்த்தைக்கு நடுவுல ஒரு பள்ளம் இருக்கு. ஒண்ணு விலையோட ஒரு பகுதியா கொடுக்கிற முன்பணம். இன்னொண்ணு "நான் கண்டிப்பா வாங்குவேன்"ங்கறதுக்கு உத்தரவாதமா கொடுக்கிற பணம். நம்ம பாட்டிங்க காலத்து வார்த்தையில அச்சாரம். பேச்சு வழக்குல ரெண்டையும் அட்வான்ஸ்னுதான் சொல்றோம். கோர்ட் ரெண்டையும் ஒண்ணா பாக்காது.

2012-ல சதீஷ் பாத்ரா எதிர் சுதிர் ராவல் வழக்கு. டெல்லியில 70 லட்ச ரூபாய் சொத்து, 7 லட்சம் அச்சாரம். வாங்கறவர் தவறினா அது போயிடும், விக்கிறவர் தவறினா இரட்டிப்பா திருப்பணும்னு ஒப்பந்தத்துல எழுதியிருந்தது. வாங்கறவர் தவறினார். 7 லட்சத்தை விக்கிறவரே வெச்சுக்கலாம்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. உத்தரவாதப் பணம்னு தெளிவா எழுதியிருந்தா பிடிச்சுக்கலாம், வெறும் விலையோட பகுதின்னா அப்படிப் பிடிக்க முடியாதுங்கறது அந்தத் தீர்ப்போட நிலை. 2015-ல கைலாஷ்நாத் வழக்குல, ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74 இதுக்கும் பொருந்தும், நியாயமான இழப்பீட்டுக்கு மேல போகக்கூடாதுன்னும் கோர்ட் சொன்னது. ஆனா அந்த நியாயத்தைக் கேட்க நாம கோர்ட் வாசல்ல நிக்கணும். அதனால அந்த ஒரு வரியை, அதாவது "கெடுவுக்குள் கிரயம் பெறத் தவறினால் முன்பணத்தை இழக்க வேண்டியது" மாதிரி வர்ற வரியை, கையெழுத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுப் பேசிடணும்.

ஆஃபர் லெட்டர் சேலரி ஸ்லிப் ஆகாது

இப்ப நம்ம கதைக்கு வருவோம். வீட்ல எல்லாரும் நம்பறது நம்ம ஆஃபர் லெட்டரை. பேங்க் பொதுவா கேட்கிறது சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறின பேங்க் ஸ்டேட்மெண்ட். ஜாய்னிங் தேதி தள்ளிப் போறது நமக்குப் புதுசு இல்ல. 2022, 2023 பேட்ச் சீனியர்கள்ல பல பேர் ஐடி கம்பெனி ஆஃபரைக் கையில வெச்சுக்கிட்டு மாசக்கணக்குல வீட்ல உக்காந்திருந்தது நமக்குத் தெரியும். லெட்டரை நம்பி மூணு மாசக் கெடுவுக்கு அட்வான்ஸ் கொடுத்தா, கெடு முடியும்போது முதல் சம்பளமே வராம இருக்கலாம்.

சரி, ஜாய்ன் பண்ணியாச்சு, மாசம் கைக்கு 25,000 வருதுன்னு வெச்சுக்கோங்க. இதுல பாதிக்கு மேல ஈஎம்ஐ-க்குப் போக பேங்க் பெரும்பாலும் விடாது. ஆக 12,500. 9 சதவீத வட்டி, 20 வருஷம்னா ஒரு லட்சம் கடனுக்கு ஈஎம்ஐ சுமார் 900 ரூபாய். வகுத்துப் பாருங்க: கிட்டத்தட்ட 14 லட்சம். அவ்வளவுதான் நம்ம ஒருத்தர் சம்பளம் தாங்கற கடன். மீதிக்கு அப்பா அம்மா வருமானத்தையும் சேர்க்கணும். அவங்க சனிக்கிழமை சம்பளத்தைக் கையில ரொக்கமா வாங்கறவங்கன்னா அதைக் காட்ட பேங்க் கணக்குல தடம் வேணும். சொந்தமா பவர் டேபிள் போட்டிருந்தா வருமான வரி ரிட்டர்ன் வேணும். இந்தத் தடத்தை உருவாக்கவே சில மாசம் ஆகும். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்போ ஆர்டர் தள்ளிப்போய் ஓவர்டைம் குறைஞ்ச வீடுகள் நம்ம ஏரியாவுலயே இருந்தது. நல்ல சீசன்ல போட்ட கணக்கை வெச்சு மந்த சீசன்ல கடன் கேட்டா பேங்க் வேற நம்பர் சொல்லும்.

இன்னொரு கணக்கு. வீடு 30 லட்சத்துக்குப் பேசி முடிச்சதா வெச்சுக்குவோம், சும்மா உதாரணத்துக்கு. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரைக்குமான வீட்டுக் கடன்ல சொத்து மதிப்புல அதிகபட்சம் 90 சதவீதம் தரலாம். 30-ல இருந்து 75 லட்சம் வரைக்கும்னா 80, அதுக்கு மேல 75. "அப்ப 27 லட்சம் லோன், நம்ம கையில இருந்து 3 லட்சம்"னு வீட்ல கணக்குப் போடுவாங்க. இதுல மூணு ஓட்டை இருக்கு.

முதல் ஓட்டை, 90-ங்கறது உச்ச வரம்பு, உறுதி இல்ல. ரெண்டாவது, பேங்க் தன்னோட மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் அந்த வீடு 26 லட்சம்தான் பெறும்னு எழுதினா 90 சதவீதம்ங்கறது 23 லட்சத்து 40 ஆயிரம். நம்ம பங்கு 3 லட்சத்துல இருந்து 6 லட்சத்து 60 ஆயிரமா குதிச்சிருச்சு. மூணாவது, தமிழ்நாட்டுல கிரயப் பதிவுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக மொத்தம் 9. 2023 ஏப்ரல்ல பதிவுக் கட்டணத்தை 4-ல இருந்து 2-ஆ குறைச்சாங்க. 2025 ஏப்ரல்ல இருந்து 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேர்ல பதிஞ்சா அதுல இன்னும் 1 சதவீதம் குறையும். நம்ம 30 லட்ச வீட்டுக்கு 9 சதவீதம்னா 2 லட்சத்து 70 ஆயிரம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்குக் கடன் கணக்குப் போடும்போது இந்தச் செலவைச் சேர்க்கக் கூடாதுங்கறதும் ரிசர்வ் வங்கி விதிதான்.

கூட்டிப் பாத்தா கையில இருந்து போக வேண்டியது 9 லட்சத்து 30 ஆயிரம். வீட்ல நினைச்சது 3 லட்சம். அட்வான்ஸ் கொடுத்த பிறகு இந்த வித்தியாசம் தெரிஞ்சா, கெடுவுக்குள்ள அதைப் புரட்ட ஓடறது கந்துவட்டிக்காரர் வீட்டுக்குத்தான்.

விலை பேசுறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

நல்ல சேதி என்னன்னா, ஒத்த ரூபா அட்வான்ஸ் இல்லாமலே பாதி வேலையை முடிச்சிடலாம்.

பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் தளத்துல வில்லங்கச் சான்றை இலவசமாப் பாக்கலாம். விக்கிறவர்கிட்ட சர்வே நம்பரும் பத்திர நகலும் மட்டும் கேளுங்க. முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பாருங்க. அடமானம் இருக்கா, உரிமைப் பத்திரம் ஒப்படைச்சு பேங்க் கடன் வாங்கியிருக்காங்களா, ஏற்கனவே வேற யார் கூடவாவது விற்பனை ஒப்பந்தம் பதிவாகியிருக்கா, எல்லாம் அதுல வரும். இன்னொரு உபயோகமும் இருக்கு. சான்றுல ஒவ்வொரு பதிவுக்கும் கைமாற்றுத் தொகை போட்டிருக்கும். பக்கத்து மனைகள் சமீபத்துல என்ன தொகைக்குப் பதிவாச்சுன்னு பாக்கலாம். பதிவுல குறைச்சுக் காட்டுற பழக்கம் இருக்கறதால அதை அப்படியே சந்தை விலைன்னு எடுத்துக்கக் கூடாது. ஆனாலும் புரோக்கர் சொல்ற நம்பரைத் தவிர நம்மகிட்ட இன்னொரு நம்பர் இருக்கும். வழிகாட்டி மதிப்பும் அதே தளத்துல இருக்கு. பட்டா யார் பேர்ல இருக்குன்னு வருவாய்த்துறைத் தளத்துல பாருங்க.

மனை அங்கீகாரம் பெற்றதா, கட்டட வரைபட அனுமதி இருக்கா, இதையும் இப்பவே கேட்டுடணும். அனுமதியில்லாத மாடியை பேங்க் மதிப்பீட்டாளர் கணக்குல எடுக்காம விட்டா லோன் குறையும்.

இதெல்லாம் கையில வெச்சுக்கிட்டு, தாய்ப்பத்திர நகல்களை ஒரு வக்கீல்கிட்ட காட்டிட்டு, பேங்க்ல போய் "எங்க வருமானத்துக்கு எவ்வளவு வரும்?"னு கேட்டுட்டு, அதுக்கப்புறம் விலை பேசுங்க. "இந்த விலை, இத்தனை நாள்ல கிரயம்"னு ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க. விக்கிறவருக்கும் நேரத்துக்கு ஒரு விலை உண்டு. பொண்ணு கல்யாணம் வெச்சிருக்கறவர், மெஷினுக்கு வாங்கின கடனை அடைக்கப் பாக்கறவர், இவங்களுக்கு ஒரு லட்சம் கூடத் தர்றேன்னு சொல்லி ஆறு மாசம் இழுக்கறவரை விட, நாப்பத்தஞ்சு நாள்ல முடிக்கறவர் மேல். தயாரா இருக்கறதே பேரம் பேசற பலம்.

எவ்வளவு, எப்படி

இவ்வளவுக்கும் நடுவுல ஒரு சின்ன டோக்கன் கொடுத்தே ஆகணும்னா, போனா தாங்கற தொகையா இருக்கட்டும். பேங்க் வழியாக் கொடுங்க. "பத்திரங்கள் சரியில்லையென்றால் முழுவதும் திருப்பித் தரப்படும்"னு ஒரு ரசீது வாங்கிக்குங்க. வாட்ஸ்அப் மெசேஜாவது இருக்கட்டும்.

சொத்து விற்பனைக்கான முன்பணத்துல 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாதுன்னு 2015 ஜூன் 1-ல இருந்து வருமான வரிச் சட்டம் சொல்லுது. வாங்கினவருக்கு அதே அளவு தொகை அபராதமா வரலாம். அதனால செக்கோ ஆன்லைனோதான்னு நாம வற்புறுத்தறது அவருக்கும் நல்லதுதான்.

பில்டர்கிட்ட புது அடுக்குமாடி வாங்கறதா இருந்தா கதை வேற. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, பிரிவு 13-ன்படி, பதிவு செஞ்ச ஒப்பந்தம் இல்லாம விலையில 10 சதவீதத்துக்கு மேல அவங்க வாங்க முடியாது.

தனி வீட்டுக்கும் ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணணும். 2012 டிசம்பர் 1-ல இருந்து தமிழ்நாட்டுல விற்பனை ஒப்பந்தத்துக்குப் பதிவு கட்டாயம். "வெள்ளைப் பேப்பர்ல எழுதிக்கலாம், எதுக்கு வீண் செலவு?"ன்னு சொல்வாங்க. பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றுல ஏறிடும். அடுத்து வாங்க வர்றவருக்கு அது தெரிஞ்சிடும். நம்ம வீட்டை இன்னொருத்தருக்குச் சத்தமில்லாம வித்துட முடியாது. வீட்டைப் பிடிச்சு வைக்கிற கயிறு எதுன்னு கேட்டா, அட்வான்ஸ் பணம் இல்ல, இந்தப் பதிவுதான்.

கெடு எத்தனை நாள் போடணும்?

புராஜெக்ட் மேனேஜ்மெண்ட் பேப்பர்ல கிரிட்டிகல் பாத் படிச்சோமே, அது இங்க நேரா உதவும். வக்கீல் பார்வை, பேங்க்ல விண்ணப்பம், பேங்க் வக்கீலோட கருத்து, மதிப்பீட்டாளர் வருகை, சாங்ஷன், விக்கிறவருக்கு இருக்கிற பழைய லோனை முடிச்சு மூலப்பத்திரத்தை எடுக்கிறது, பதிவு டோக்கன். இதுல சிலது பக்கத்துப் பக்கத்துல நடக்கும், சிலது ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணுதான் நடக்கும். மூலப்பத்திரம் வேற பேங்க்ல இருந்தா அந்த வழிதான் ரொம்ப நீளம். உங்க கணக்குல 45 நாள் வந்தா கெடுவை 90 நாள் போடுங்க. கடைசி ஒரு வாரத்தை வெச்சு எந்தத் திட்டமும் போடாதீங்க.

நம்ம ஊருக்குன்னு ஒரு தடை இருக்கு. ஆடி. ஜூலை 17 வாக்குல ஆரம்பிச்சு ஆகஸ்ட் 16 வாக்குல முடியும். மார்கழியும் அப்படித்தான். ஜூன் 15-ல ரெண்டு மாசக் கெடு போட்டா அது ஆகஸ்ட் 15-ல முடியும். விக்கிறவரோ உங்க பாட்டியோ "ஆடியில பத்திரம் எழுதக் கூடாது"ன்னு சொல்லிட்டா உங்ககிட்ட நிஜமா இருக்கிறது ஒரே மாசம். சார்பதிவாளர் ஆபீஸ் ஆடியிலயும் திறந்துதான் இருக்கும், ஒப்பந்தத்துல இருக்கிற கெடுவுக்கும் ஆடி மாசம் தெரியாது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு டோக்கனைக் கூட்டி விட்டாலும் கூட்டம் அதை விடக் கூட வரும். ஆகவே கெடு முடியற தேதியை நாட்காட்டியில பாத்துட்டு, ஆவணி பாதியைத் தாண்டி வைக்கணும். இதே ஆடியில வேற வீடுகளைப் பாக்க வர்ற கூட்டம் குறைவா இருக்கறதால, நிதானமா பத்திரம் பாக்கவும் விலை பேசவும் அது நல்ல மாசம்ங்கறது என் கருத்து.

ஒப்பந்தத்துல இந்த வரிகள் இருக்கா?

ஒண்ணு: பேங்க் லோன் கிடைக்கலைன்னாலோ, பத்திரத்துல குறை இருந்து பேங்க் மறுத்தாலோ, முன்பணம் முழுசா இத்தனை நாளுக்குள்ள திரும்பணும். இந்த வரி இல்லாத ஒப்பந்தத்துல லோன் மறுப்பு நம்ம தலைவலி மட்டும்தான்.

ரெண்டு: விக்கிறவர் பழைய லோனை எந்தத் தேதிக்குள்ள முடிச்சு, மூலப்பத்திரத்தை எடுத்துக் காட்டணும்.

மூணு: கெடுவை நீட்டிக்கணும்னா ரெண்டு பேரும் எழுத்துல நீட்டிக்கணும். "பரவால்லீங்க, பாத்துக்கலாம்"னு வாய்வார்த்தையா சொன்னது கோர்ட்ல நிக்கிறது கஷ்டம்.

நாலு: லைன் வீடு சேர்ந்த சொத்துன்னா, குடியிருக்கறவங்க காலி பண்ணித் தரப்படுமா, இல்ல அவங்களோட வாடகை அட்வான்ஸ் நம்ம தலையில மாறுதா. அந்த லைன்ல இருக்கறவங்களும் நம்மள மாதிரியே வாடகைக்கு வந்தவங்க. அவங்களுக்கும் சேர்த்து நேரம் கொடுக்கிற மாதிரி தேதி வைங்க.

அஞ்சு: உண்மையான முழு விலை. "பத்திரத்துல கம்மியாப் போட்டுக்கலாம், மீதியைக் கையில குடுங்க"ன்னு வந்தா லோனும் அந்தக் கம்மி விலையை வெச்சுத்தான் வரும். கையில கொடுத்ததுக்குச் சாட்சியும் இருக்காது.

கொடுத்த பிறகு தூங்கக் கூடாது

மதுரை வழக்கு சொல்ற ரெண்டாவது பாடம் இது. வாங்கறவர் எப்பவும் தயாராகவும் விருப்பத்தோடவும் இருந்தார்னு நிரூபிக்கணும்னு தனி நிவாரணச் சட்டம் 1963, பிரிவு 16 கேட்குது. 2018-ல அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஒப்பந்தத்தை நிறைவேத்தச் சொல்ற விஷயத்துல கோர்ட்டோட விருப்புரிமையைக் குறைச்சாங்க. ஆனா தயாரா இருந்தோம்ங்கற தேவை போகல. அதனால லோன் சாங்ஷன் லெட்டர், கணக்குல மீதிப் பணம் இருந்ததுக்கான ஸ்டேட்மெண்ட், எல்லாத்தையும் தேதியோட எடுத்து வைங்க. கெடுவுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே "நாங்க ரெடி, இந்தத் தேதியில பதிவுக்கு வாங்க"ன்னு எழுத்துல அனுப்புங்க. அவர் இழுத்தடிச்சா வக்கீல் நோட்டீஸை உடனே அனுப்புங்க. வழக்குப் போட சட்டம் மூணு வருஷம் தருது. அந்த மூணு வருஷத்தையும் காத்திருந்து தீர்க்கறதுக்கு இல்லைன்னு வைரவன் வழக்கு ஞாபகப்படுத்துது.

கடைசியா ஒரு விஷயம். ஒப்பந்தம் பெரும்பாலும் தமிழ்ல இருக்கும். அதுவும் நாம பேசற தமிழ் இல்ல, பத்திரத் தமிழ். கிரயம்னா விற்பனை. கெடுன்னா கடைசித் தேதி. சுவாதீனம்னா சொத்தை நம்ம கையில ஒப்படைக்கிறது. வில்லங்கம்னா சொத்து மேல இருக்கிற கடன், அடமானம், வழக்கு மாதிரி சுமை. பாத்தியம்னா உரிமை. என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவங்களுக்கு முதல் தடவை வாசிக்கும்போது தலை சுத்தும். பரவால்ல, ரெண்டாவது தடவையும் வாசிங்க. அப்பா அம்மா கையெழுத்துப் போடறதுக்கு முந்தின நாள் ராத்திரியே வரைவை வாங்கி, அவங்க முன்னாடி சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. கெடு எந்தத் தேதி, பணம் எப்போ போகும், எப்போ திரும்பும்னு மூணு கேள்விக்கும் அதுலயே பதில் இருக்கணும். ஒண்ணுக்குப் பதில் இல்லைன்னாலும் புரோக்கர் அண்ணன்கிட்ட "நாளைக்கு வேண்டாங்கண்ணா, இந்த வரியைச் சேர்த்துட்டு வாங்க"ன்னு சொல்லலாம். அந்த இன்னொரு பார்ட்டி வாங்கிட்டுப் போனாலும் போகட்டும். வேலம்பாளையத்துல வீடு இன்னொண்ணு வரும். இருபது வருஷச் சேமிப்பு இன்னொண்ணு வராது.